எடை எழுதாத ரசீது

லைசென்ஸ் வரப் பதினாலு மாசம்.
தாசில்தார் கேட்டார், இன்ஸ்பெக்டர் கேட்டார்,
'உங்களுக்கு எதுக்கும்மா இது?'
படிவத்தில் காரணம் எழுதும் கட்டம்
கட்டைவிரல் அகலம்.
தற்காப்பு என்று எழுதினேன்.
கஞ்சமலை அடிவாரத்தில், கரெண்ட் போன ஏழரை மணிக்கு,
பதினெட்டுக் கிலோ கொலுசோடு வந்த சித்தேஸ்வரனை
இரண்டு பைக்குகள் மறித்ததையும்
பையை விடாத வலது மணிக்கட்டையும்
எழுத அங்கே இடமில்லை.

அவர் இருக்கிறார்.
செவ்வாய்ப்பேட்டைக் கடையில் தராசுக்குப் பின்னால்
இடது கையால் எடை போடுகிறார்.
சிவதாபுரம் பட்டறைகளுக்கு
இப்போது நான்தான் போய்வருகிறேன்.

துப்பாக்கிக் கடை ரூபஸ்
பச்சைத் துணி விரித்து மூன்றை வைத்தார்.
நாங்கள் கொலுசு விரிக்கிற அதே விரிப்பு.
வாயில் தானாக வந்துவிட்டது:
'இதிலயே மெலிசா வேற காட்டுங்க.'

முதலாவது, கரிய தடியன்.
'எடை இருந்தா உதைக்காதுங்க.
ஆனா எடை இருந்தா உங்க கூட வராது,
நாலு நாள்ல பீரோவுலயே தங்கிடும்.'
அடுத்தது லேடீஸுக்கென்றே செய்ததாம்,
மெரூன் வெல்வெட் பெட்டியில்.
இந்தப் பெட்டியில் நெக்லஸ் வைத்து
எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன்!
விசையை இழுக்க
என் ஒரு விரல் போதவில்லை.
மூன்றாவதன் மேல்தகட்டைப் பின்னால் இழுத்தேன்.
பாதியில் நின்றது, என்னைப் பார்த்தபடி.

'சரி, எங்க வைப்பீங்க?'
பதினாலு மாசத்தில்
யாரும் கேட்காத கேள்வி.

கைப்பையில் வேண்டாம்,
பறிக்கிறவன் முதலில் பறிப்பது அதைத்தான்.
சேலையில் கொசுவம் நழுவும்.
சுடிதாருக்கு மாறினேன். லீ பஜார் டெய்லர் நசீமா
இடுப்புக்குள் ரகசியப் பை தைத்தாள்.
'செல்லுக்காக்கா?'
'ஆமா.'
பை பெரிதாக இருக்கிறதே என்று
அவள் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்தாள்.

கடைசியில் அந்தத் தடியனையே எடுத்தேன்.
எடையோடு எனக்குப் பழக்கம்.

அன்றிரவு சித்தேஸ்வரன்
ஒன்றும் பேசாமல் அதைத் தராசில் வைத்தார்.
'எழுநூத்தி பன்னெண்டு.
குண்டோடவா?'
'இல்லாம.'
குழந்தைக் கொலுசில் எத்தனை ஜோடி வரும் என்று
உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.
எத்தனை என்று சொல்லவில்லை.

பிறகுதான் தெரிந்தது,
நான் தேர்ந்தெடுத்தது துப்பாக்கியை மட்டும் இல்லை.
கீழே விழுந்த சில்லறைக்குக் குனிவதில்லை.
டீக்கடையில் சுவரோரம்தான் நிற்பது.
பள்ளிவிட்டு ஓடிவரும் நிகிலன்
இடுப்பைக் கட்டிக்கொள்ளும்போது
இடப்பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்.
இரண்டே வாரத்தில்
அவன் இடப்பக்கமாகவே ஓடிவரப் பழகிவிட்டான்.
அதைப் பார்த்த நாள்
எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் தேர்தல் அறிவித்தார்கள்.
லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும்
ஆயுதங்களை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
எனக்கு முன்னால் வரிசையில்
ஒரு ஜவ்வரிசி மில் முதலாளி,
ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து
நீளமான ஒன்றைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒருவர்.
ரேஷன் வரிசை மாதிரிதான் நின்றோம்.
ஏட்டு நம்பரைப் பார்த்து எழுதினார்,
சணலில் அட்டை கட்டினார்,
ரசீது கிழித்தார்.

திருடர்களுக்குத் தேர்தல் விடுமுறை இல்லை.
வெள்ளி மாலை, ஸ்கூட்டர் காலடியில்
கோதுமை மூட்டைக்குள் ஒன்பது கிலோ.
இரும்பு விளைகிற கஞ்சமலை
இடப்பக்கம் இருட்டாகிக்கொண்டிருந்தது.
பின்னால் ஒரு பைக்.
வேகத்தைக் குறைத்தேன், அதுவும் குறைத்தது.
கூட்டினேன், கூட்டியது.
கை தானாக இடுப்புக்குப் போனது.
உள்ளே காகிதம் சலசலத்தது.

தாண்டிப் போனான்.
பின்சீட்டில் கட்டிய ஒலிபெருக்கி,
மடியில் சுருட்டிய கட்சிக்கொடி.
'அக்கா, ஹெட்லைட் எரியல!' என்று
கத்திவிட்டுப் போனான்.

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி
செல் வெளிச்சத்தில் ரசீதை விரித்தேன்.
பெயர், நம்பர், தேதி, முத்திரை.
எடை எழுதவில்லை.
எங்கள் தொழிலில்
எடை எழுதாத ரசீதை யாரும் வாங்க மாட்டார்கள்.

மடித்து
அதே பையில் வைத்துக்கொண்டேன்.